3830-ல் எத்தனை?

பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும் முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "கடைசி பத்து மார்க் எழுதினியா?", "எத்தனை வரும்?"... கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், "அதெல்லாம் பாஸ் ஆயிடும்டா" என்று நழுவுகிறவர்கள் இன்னொரு பக்கம். விடைத்தாள்களை இன்னும் கட்டிக்கூட முடித்திருக்க மாட்டார்கள். ரிசல்ட் வர மாதக்கணக்காகும். அதுவரை இந்த மனக்கணக்கு மார்க்கை யாரும் சீந்தப் போவதில்லை. ஆனாலும் கேட்காமல் யாராலும் வீட்டுக்குப் போக முடிவதில்லை.

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இந்த ஐந்து நிமிடத்துக்கென்றே வானத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தது. அந்த இடத்தின் பெயர் 3830.

அது ஒரு வானொலி அலைவரிசை. 3830 கிலோஹெர்ட்ஸ். கூடியவர்கள் ஹாம்கள். ஹாம் ரேடியோ பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு நாலு வரி: அரசாங்கப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலேயே சொந்தமாக ஒரு நிலையம் வைத்துக்கொண்டு, அதேபோல் உரிமம் வாங்கிய மற்றவர்களோடு பேசுகிறவர்கள்தான் ஹாம்கள். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் கூடாது, பாட்டு போடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. எஞ்சியதெல்லாம் ஆன்டெனா, பொறுமை, அப்புறம் மின்சாரக் கட்டணம்.

இவர்களுக்குள் போட்டிகள் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை பேரைப் பிடிக்க முடியும் என்பதுதான் போட்டி. அமெரிக்காவின் ஸ்வீப்ஸ்டேக்ஸ் 1930-ல் தொடங்கியது. உலகம் முழுக்கக் கலந்துகொள்ளும் பெரிய போட்டியான 'சி.க்யூ. வேர்ல்ட் வைட்' 1948-லிருந்து நடக்கிறது. அக்டோபர் கடைசி வார இறுதியில் பேச்சு, நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸ். இரண்டும் 48 மணி நேரம். முழு நேரமும் உட்கார நினைப்பவர்கள் உண்டு. நடுவில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, "ஐயோ, தூங்கிட்டோமே" என்று பதறி எழுந்து ஓடுகிறவர்களும் உண்டு.

மைதானம் கிடையாது. பார்வையாளர் கிடையாது. ஓர் அறை, ஒரு ஹெட்போன், ஒரு நாற்காலி. ஒரே ஆளாகப் போட்டியிடும் பிரிவில் இருப்பவருக்கு இரண்டு நாள் பேச்சுத்துணை என்பது இவ்வளவுதான்: எதிராளியின் அழைப்புக்குறி, '59', ஒரு மண்டல எண். முடிந்தது. அடுத்த ஆள். நல்ல வேகத்தில் இருப்பவர் இதையே ஒரு மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் செய்துவிடுவார்.

அந்த '59' என்பது, உங்கள் ஒலி பிரமாதமாகக் கேட்கிறது என்பதற்கான மதிப்பெண். இரைச்சலில் பாதி எழுத்து முழுகிப்போய், மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டவருக்கும் 59 தான். கூசாமல் கொடுப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்லக் காரணம், இதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்கோர் சொல்லும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்பதால்தான்.

ஸ்கோர் கணக்கு கொஞ்சம் சுற்றல். வேறு கண்டத்து ஆளைப் பிடித்தால் 3 புள்ளி. சொந்த நாட்டு ஆளென்றால் புள்ளியே கிடையாது. உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள் (இந்தியாவும் இலங்கையும் 22-ல் வருகின்றன). 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை ஆறு அலைப்பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் புதிதாகக் கிடைக்கும் நாட்டுக்கு ஒன்று, புது மண்டலத்துக்கு ஒன்று என்று தனியாக எண்ணி, அந்தக் கூட்டுத்தொகையால் மொத்தப் புள்ளியைப் பெருக்க வேண்டும். அமெரிக்காக்காரர் ஒருவர் சென்னையில் இருக்கும் ஒருவரை 20 மீட்டரில் பிடித்தால் பெருக்கத்தில் இரண்டு கூடும். அதே ஆளை 15 மீட்டரில் பிடித்தால் மறுபடி இரண்டு.

உதாரணத்துக்கு 2,000 தொடர்புகள், 5,600 புள்ளி, பெருக்கும் எண் 420 என்று வைத்துக்கொண்டால் ஸ்கோர் 23,52,000. கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு புது நாடு கிடைத்தால் ஒரே தாவலில் 5,600-க்கு மேல் ஏறும். அரிதான ஒரு நாட்டின் அழைப்புக்குறியில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தால் அதே அளவு இறங்கும். இறங்கியது தெரிய வருவது வெகுநாள் கழித்துத்தான்.

சரி, இப்போது ஒரு வேடிக்கையான விஷயம். 'சி.க்யூ. டபிள்யூ.பி.எக்ஸ்.' என்று இன்னொரு போட்டி இருக்கிறது. அதில் மண்டல எண்ணுக்குப் பதில் வரிசை எண் கொடுக்க வேண்டும். முதல் ஆளுக்கு 1, ஆயிரமாவது ஆளுக்கு 1000. ஆகவே யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று நடுவிலேயே தெரிந்துவிடும். ஸ்வீப்ஸ்டேக்ஸிலும் அப்படித்தான். ஆனால் வேர்ல்ட் வைடில் கொடுப்பது வெறும் மண்டல எண். பாஸ்டன் பக்கத்தில் இருப்பவர் 48 மணி நேரமும் சொல்வது '5' மட்டும்தான், அது எத்தனையாவது ஆளாக இருந்தாலும். இருபது மைல் தள்ளி இருக்கும் பரம எதிரி முன்னால் இருக்கிறாரா, பின்னால் இருக்கிறாரா... ஒன்றும் தெரியாது. அவருடைய குரல் அவ்வப்போது காதில் விழும், அவர் வேகமாக இருப்பது தெரியும், வயிற்றைக் கலக்கும். எண் தெரியாது.

நவம்பர் போட்டி முடியும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு ஏழு மணி. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் வரும். வீட்டில் மற்றவர்கள் மீந்த வான்கோழியைச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மோர்ஸ் போட்டி என்றால் அந்த மனிதர் இரண்டு நாளாக வானொலியில் வாய் திறந்தே பேசியிருக்க மாட்டார், புள்ளியும் கோடும்தான். மணி அடித்ததும் மோர்ஸ் சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, மைக்கை எடுத்து, டயலை 3830-க்குத் திருப்புவார்.

அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். எந்தப் பிரிவு, எத்தனை தொடர்பு, எத்தனை நாடு, எத்தனை மண்டலம், மொத்தம் எவ்வளவு. சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்த கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். அவர் எண்ணைச் சொல்லும்போது மற்றவர்கள் தாளில் குறித்துக்கொண்டிருப்பார்கள். தன்னுடையதைவிடக் கூடவா, குறைவா என்று தெரியும் அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை பேர் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஏன் அந்த அலைவரிசை? இருட்டிய பிறகு 80 மீட்டர் பட்டையின் இயல்பு அப்படி. பகலில் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, அலைகள் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி வந்து சில நூறு மைல்களுக்குத் தெளிவாக விழும். வர்ஜினியாவிலிருந்து மேய்ன் வரை ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அதோடு, 2006 டிசம்பர் வரை அமெரிக்க விதிகளின்படி 3850-க்குக் கீழே பேச, உயர்நிலை உரிமங்களில் ஒன்று தேவைப்பட்டது. போட்டிக்காரர்களில் பெரும்பாலானோரிடம் அது இருக்கும், மற்றவர்களின் நெரிசல் குறைவு. ஐரோப்பியர்களுக்கு இந்த இடம் எட்டாது. அவர்களுக்கு 80 மீட்டர் பட்டை 3800-லேயே முடிந்துவிடுகிறது. ஆக, 3830 என்பது முழுக்க முழுக்க அமெரிக்கத் திண்ணை.

இந்தத் தூரக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. ஹாம் போட்டியின் ஸ்கோரைத் தனியாக வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. 23 லட்சம் நல்ல ஸ்கோரா? சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்த 2001 மாதிரி வருடத்தில் அது சுமார். 10 மீட்டர் செத்துக் கிடந்த 2008 மாதிரி வருடத்தில் அதே எண் மரியாதைக்குரியது. மேய்னிலிருந்து ஐரோப்பா பக்கம், கலிபோர்னியாவிலிருந்து அது துருவத்தை ஒட்டிச் சுற்றி வர வேண்டிய தூரம். சனிக்கிழமை பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் கலங்கினால் வடக்கே இருப்பவருக்கு மட்டும் பாதி உலகம் மூடிவிடும். போன வருடத்து எண்ணோடு இந்த வருடத்து எண்ணை ஒப்பிடுவதுகூட அவ்வளவு சரியில்லை. அதே 48 மணி நேரம், அதே வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தவர் சொல்லும் எண் ஒன்றுதான் உரைகல். ஞாயிறு இரவு 3830 எட்டும் தூரத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய அந்த ஆட்கள்தான். யாரும் திட்டம் போட்டு இப்படி அமைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்கவும் முடியாது.

பட்டை வாரியாகப் பிரித்துச் சொல்வதன் ருசியும் இங்கேதான். மொத்தத்தில் தோற்றவர் 40 மீட்டரில் ஜெயித்திருப்பார். "15-ல் உங்களுக்கு எப்படி முன்னூறு கூட?" என்று கேட்டால், ஞாயிறு மதியம் இவர் 10 மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் 15-க்கு இறங்கியிருப்பது தெரியவரும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது. புதிதாக வந்தவர் வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், அடுத்த வருடத்துக்கான பாடம் கையில் கிடைத்துவிடும்.

இப்போது நேர்மைக்கு வருவோம். அங்கே சொல்லும் எண்ணை யாரும் சரிபார்ப்பதில்லை. காகிதக் காலத்தில், பதிவேட்டைத் தபாலில் அனுப்பி, நடுவர்கள் கையால் சரிபார்த்து, சி.க்யூ. இதழில் முடிவு அச்சாகி வருவதற்குள் அடுத்த போட்டியே நெருங்கிவிடும். (அந்த இதழ் 2023-வாக்கில் நின்றுபோய்விட்டது, போட்டிகள் தொடர்கின்றன.) அதுவரை ஒருவர் வாயால் சொன்னதுதான் ஸ்கோர். 'கோரப்பட்ட ஸ்கோர்' என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர், அதாவது இவ்வளவு என்று நான் சொல்கிறேன், நீங்கள் வெட்டுங்கள் என்ற ஒப்பந்தம். வெட்டுவார்கள். தப்பாக எழுதிய அழைப்புக்குறி, எதிராளியின் பதிவேட்டில் இல்லாத தொடர்பு எல்லாம் போகும். போவதோடு தண்டமாகக் கொஞ்சம் கூடுதலாகவும் கழியும். எவ்வளவு கவனமானவருக்கும் கொஞ்சம் குறையாமல் இருக்காது.

அப்படியானால் முன்கூட்டியே சொல்வதால் என்ன பயன்? பயன் சொல்பவரைக் கட்டிப்போடுவதில் இருக்கிறது. எதிரி 40 தொடர்பு கூட என்று தெரிந்த பிறகு, தன் பதிவேட்டில் 41 புதுத் தொடர்புகளை 'கண்டுபிடிப்பது' காகிதக் காலத்தில் அவ்வளவு கஷ்டமான காரியமில்லை. ஆனால் ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு இருபது பேர் காதில் விழும்படி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் போவதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். இதை அப்போது யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பின்னாளில் விதிகள் வந்தன. போட்டி முடிந்த பிறகு எதைப் பார்த்தும் பதிவேட்டைத் திருத்தக் கூடாது, ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், தனியாளாக முதல் மூன்று இடத்துக்குப் போட்டியிடுகிறவர் தன் காதில் கேட்டதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம். இத்தனை விதிகள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே எல்லோரும் அரிச்சந்திரர்கள் இல்லை என்பது விளங்கும். ஆனால் விதிகளுக்கு முன்னால் பல வருடங்கள் வண்டி ஓடியது, பக்கத்து ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே கூச்சத்தில்தான்.

சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. ஜெயிக்கும் நிலையில் இருக்கும் சிலர் வாயே திறக்காமல் பதிவேட்டை அனுப்பிவிட்டு இருந்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை, விதிமீறல் எதுவும் இல்லை. என்றாலும் மற்றவர்கள் எண்ணையெல்லாம் கேட்டுவிட்டுத் தன்னுடையதை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போவது, பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நழுவுவது போலத்தான்.

இதற்கு நேர் எதிர், சின்ன ஸ்கோர்க்காரர்கள். 1,500 வாட்டும் நாலு கோபுரமும் வைத்திருப்பவர் 50 லட்சம் சொன்ன அடுத்த மூச்சில், 5 வாட் கருவியும் ஜன்னல் வழியாக விட்ட கம்பியுமாக இருப்பவர் "63 தொடர்பு" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் சொல்கிறார்கள். சனிக்கிழமை காற்றில் ஆன்டெனா விழுந்தது, குழந்தைக்குக் காய்ச்சல், மூன்று மணி நேரம்தான் உட்கார முடிந்தது என்று காரணமும் சேர்ந்து வரும். கிளப்புகள் இதை ஊக்குவிக்கின்றன, அதில் சுயநலமும் உண்டு. 1927-லிருந்து இருக்கும் பிலடெல்பியா பக்கத்து ஃபிராங்க்ஃபோர்ட் ரேடியோ கிளப், வாஷிங்டன் பக்கத்து பொட்டோமாக் வேலி கிளப் போன்றவை உறுப்பினர்களின் ஸ்கோர்களைக் கூட்டித்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. கூட்டலில் 63-ம் ஒரு எண். உண்மையைச் சொன்னால், கேட்பதற்குச் சுவையானவை பெரும்பாலும் இந்தச் சின்ன ஸ்கோர்கள்தான். பெரிய ஸ்கோர்க்காரரிடம் எண் மட்டும்தான் இருக்கும், மற்ற எதையும் செய்ய அவருக்கு நேரம் இருந்திருக்காது.

கணினி வந்து இதையெல்லாம் மாற்றியது. அதுவரை ஒரே ஆளை ஒரே பட்டையில் இரண்டு தடவை பிடித்துவிட்டோமா என்று பார்க்கவே தனியாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். போட்டி முடிந்த இரவில் தன் ஸ்கோரே தனக்குச் சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். 1980-களில் 'சி.டி.' என்ற நிரல் வந்த பிறகு மொத்தம் திரையிலேயே ஓட ஆரம்பித்தது. அடுத்து இணையம். ஸ்கோர் சொல்லும் வழக்கம் அப்படியே எழுத்துக்கு மாறியது. மாறிய இடத்துக்கும் 3830 என்றே பெயர் வைத்தார்கள். போட்டி முடிந்ததும் "3830-ல் போட்டாச்சா?" என்று இன்று கேட்கும் இளைஞர்களில், அது டயலில் ஓர் இடம் என்று தெரியாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

லாபம் இல்லாமல் இல்லை. கிழக்கு அமெரிக்கா என்ற எல்லை போய்விட்டது. இந்தியாவில் போட்டி முடிவது திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு. குளித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய நேரம் அது. என்றாலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இங்கிருப்பவரும் தன் எண்ணைப் பதிந்துவிட முடிகிறது, ஜப்பான்காரரும் பின்லாந்துக்காரரும் பதிகிறார்கள். பட்டை வாரியாகப் பிரித்த கணக்கு வருடக்கணக்கில் அழியாமல் இருக்கிறது. போனது குரல். தொண்டை கட்டிப்போய், பாதித் தூக்கத்தில், எண்ணைச் சொல்லும்முன் ஒரு கணம் நிறுத்துகிறாரே, அதை எழுத்தில் எங்கே தேடுவது!

இப்போது இன்னொரு படி போயாகிவிட்டது. போட்டி நடக்கும்போதே ஸ்கோர்கள் நிமிடத்துக்கு நிமிடம் இணையத்தில் ஏறுகின்றன. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, யார் யாரைத் தாண்டினார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். தூக்கம் வரும் நேரத்தில் அது ஒரு சாட்டை என்கிறார்கள் விரும்புகிறவர்கள். கட்டாயம் எதுவும் இல்லை, எண்ணை அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் இஷ்டம். அனுப்பாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ரகசியம் காப்பதற்காக என்றே எல்லோரையும் நினைக்க வேண்டியதில்லை. 48 மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசியில் மொத்தமாகத் தெரிந்துகொள்ளும் அந்தப் பழைய வயிற்றுக்கலக்கம் சிலருக்கு வேண்டியிருக்கிறது. மணி அடிக்கும், ஹெட்போனைக் கழற்றுவார், எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் எண்ணைப் பார்க்க உட்காருவார். சாப்பிட வரச் சொல்லி உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும்.